பாதியில் நிற்கும் போர்வைகள்: ஊவாத் தோட்டப் பெண்களும் கூடித் தைக்கும் உரிமையும்

பழைய சேலைகளிலிருந்தும் சட்டைகளிலிருந்தும் வெட்டியெடுத்த துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து மேல்துணியாக்கி, அதன்கீழ் கதகதப்புக்கென ஓர் இடையடுக்கையும் அதற்கும் கீழே ஓர் அடித்துணியையும் பரப்பி, மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையலால் பிணைத்துச் செய்யப்படும் போர்வை மேலை நாடுகளில் குவில்ட் எனப்படுகிறது. இத்தகைய போர்வைகளைத் தைக்கும் பெண்கள் தோழியரோடு சில நாட்கள் வீட்டைவிட்டு விலகி ஓரிடத்தில் தங்கி, ஆண்டுக்கணக்கில் பெட்டிக்குள் கிடக்கும் அரைகுறை வேலைகளை முடித்தெடுக்கும் வழக்கம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவலாக உள்ளது. வசதியுள்ளோரின் பொழுதுபோக்காகத் தோன்றும் இவ்வழக்கத்தை இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்ட வாழ்வோடு பொருத்திப் பார்த்தால், ஒரு கைவேலை ஏன் முடியாமல் நிற்கிறது என்ற கேள்வி, நேரமும் இடமும் துணையும் யாருக்குக் கிடைக்கின்றன என்ற பெரிய கேள்வியாக விரிகிறது.

தடைப்படும் கட்டம்

போர்வைத் தையலில் இரு கட்டங்கள் உண்டு. துண்டுகளை வெட்டி இணைக்கும் முதற்கட்டத்தை மடியில் வைத்தே செய்துவிடலாம். உலை கொதிக்கும் இடைவேளையிலும் பிள்ளை உறங்கும் நேரத்திலும் சிறிது சிறிதாக வளர்க்கலாம். மூன்று அடுக்குகளையும் சுருக்கமின்றி விரித்து, அவை நகராதபடி நூலோட்டிப் பிணைக்கும் இரண்டாம் கட்டத்துக்கோ போர்வை முழுவதையும் பரப்பக்கூடிய தரையும், நல்ல வெளிச்சமும், துணியின் மறுமுனையைப் பிடித்திழுக்க இன்னொருவரின் கையும் தேவைப்படுகின்றன. அதனால்தான் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கிராமங்களில் தனித்தனியே மேல்துணிகளைத் தைத்து வைத்திருந்த பெண்கள், ஒரு வீட்டில் மரச்சட்டத்தைச் சுற்றி அமர்ந்து அவற்றைக் கூட்டாக முடித்தனர். இன்றைய தங்கல் முகாம்கள் இந்த மரபின் தொடர்ச்சியே.

தெற்காசியாவிலும் இக்கலை வேரூன்றியது. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, ஊசி மேலும் கீழுமாக ஓடும் எளிய தையலால் காந்தா என்னும் விரிப்பைச் செய்தனர். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் கவந்தி எனப்படும் போர்வையை வெளி விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துச் செல்கின்றனர். தஞ்சைப் பகுதியில் கோயில் தேர்களுக்கான தொம்பை, அதாவது உருளை வடிவான துணித் தொங்கல், வண்ணத் துண்டுகளை ஒட்டித் தைத்தே உருவாக்கப்படுகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழரின் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று.

ஒரு தோட்டச் சமூகத்தின் பாடம்

ஊவாவின் வாசகருக்கு மிக நெருக்கமான சான்று, தொலைவிலுள்ள அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் என்னும் ஊரிலிருந்து கிடைக்கிறது. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழித்தோன்றல்களான அவ்வூர்ப் பெண்கள், குளிர் புகும் பலகை வீடுகளில் குடும்பத்தாருக்குக் கதகதப்பூட்டக் கிழிந்த வேலையுடைகளையே வெட்டிப் போர்வையாக்கினர். கறுப்பின மக்களின் குடிசார் உரிமை இயக்கக் காலத்தில், 1966இல், அவர்களும் அண்டை ஊர்ப் பெண்களும் சேர்ந்து ஃப்ரீடம் குவில்டிங் பீ என்னும் கூட்டுறவை நிறுவினர். அது ஏழைக் குடும்பங்களுக்கு வருமானம் தந்தது. ஆனால் பெரிய கடைகளின் கட்டளைகளுக்காகத் தைக்கும்போது, வாங்குவோர் கேட்ட ஒரே சீரான வடிவங்களுக்குள் கைகள் கட்டுப்பட வேண்டியதாயிற்று. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டு, அமெரிக்க நவீனக் கலையின் உயர்ந்த படைப்புகளாகப் போற்றப்பட்டவையோ, பெரும்பாலும் அப்பெண்கள் தம் வீட்டுக்காகத் தம் மனம்போனபடி தைத்த போர்வைகள். விற்பனையை மட்டுமே நோக்கும் திட்டம் எதை இழக்க நேரிடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வரலாறு அரிது.

லயமும் தையலும்

பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்திலும், அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலும் அமைந்துள்ளன. மார்கழி, தை மாதக் குளிருக்குக் கனமான போர்வை இங்கே இன்றியமையாதது. கம்பளி, மழைக்குத் தலையில் இடும் கொங்காணி, தேயிலைச் செடியின் குச்சிகள் கிழிக்காதபடி கொழுந்து பறிப்போர் இடுப்பில் சுற்றும் படங்கு என உடலைக் காக்கும் துணிகளோடு தோட்டப் பெண்ணின் வாழ்வு பின்னிப் பிணைந்தது. கிழிந்ததை ஒட்டுப்போடவும் பழைய சேலையை மடித்து விரிப்பாக்கவும் அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இல்லாதவை வேறு. பிரித்தானியர் காலத்து லயத்தில், அதாவது வரிசையாகக் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்பில், ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான ஒற்றைக் காம்பராவும் சிறு முன்வாசலுமே. அங்கே ஒரு போர்வையை விரித்தால் நடக்க இடமிராது. விடியுமுன் அடுப்பு மூட்டி, பிள்ளைகளை அனுப்பி, மலைக்கு ஏறி, மாலையில் கொழுந்து நிறுத்துத் திரும்பி, மீண்டும் அடுப்பை நாடும் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமையும் விறகுக்கும் துணி துவைப்புக்குமே போய்விடுகிறது. ஆகவே பெட்டிக்குள் பாதியில் நிற்கும் தையலைச் சோம்பலின் அடையாளமாகக் கருதுவது பெரும் அநீதியாகும்.

தோட்டப் பெண்களுக்கான தையற்பயிற்சிகளும் அவர்களைத் தொழிலாளிகளாகவே காண்கின்றன. 1992இல் ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாச தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தையலைக் கிராமப்புறங்களுக்கும் சம்பள வேலையாகக் கொண்டு சென்றது. வருமானம் அவசியமே, எனினும் ஒரு பெண் தனக்காகவும் தோழியருடனும் தைக்கும் உரிமை, அந்த வருமானக் கணக்கினால் நிறைவு பெறுவதில்லை.

செய்யத்தக்கது

தோட்டப் பெண்கள் சில நாட்கள் கூடித் தங்கித் தைக்க ஏற்பாடு செய்யப் பெருஞ்செலவு தேவையில்லை. பாடசாலை விடுமுறையில் ஒரு மண்டபம், விரித்த பாய்கள், சில தையல் இயந்திரங்கள், ஆடைத் தொழிற்சாலைகளின் வெட்டுத்துண்டுகள், முறைவைத்துச் சமைக்க ஓர் அடுப்பு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைக் காம்பரா எனப்படும் தோட்டக் குழந்தைகள் காப்பகத்தின் பொறுப்பாளர் ஒருவர் ஆகியவை போதும். முதல் நாளில் புதிய வேலை எதையும் தொடங்காமல், கொண்டுவந்தவற்றை முடிக்கத்தக்கவை, மற்றொருத்தியிடம் கொடுத்தால் உயிர்பெறுபவை, பிரித்துத் துணியாக மீட்கவேண்டியவை என மூன்றாக வகுப்பது பயனுள்ள முறை. அதன்பின் ஒவ்வொருத்தியின் போர்வைக்கும் அனைவரும் கைகொடுத்து அடுக்கைப் பரப்பினால், தனியே ஒரு மாதமாகியும் நகராத வேலை ஒரு மாலையில் நிலைகொள்ளும்.

ஊவா மலைகள் பிறரின் ஓய்வுக்கு நெடுங்காலமாக இடமளித்து வருகின்றன. பிரித்தானியத் தோட்டத்துரை சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் அப்புத்தளையில் கட்டிய அடிசம் மாளிகை இன்று புனித பெனடிக்ட் மடாலயமாக அமைதி நாடுவோரை வரவேற்கிறது; துரைமாரின் பங்களாக்கள் பல உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகியுள்ளன. இம்மலைகளைத் தோட்டமாக்கிய உழைப்பின் வாரிசுகளான பெண்களுக்கு, இதே காற்றில் சில நாட்கள் தம் விருப்பப்படி அமர்ந்து தைக்கும் உரிமை எல்லோருக்கும் முன்னதாகவே உண்டு. தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் அதற்கான விடுப்பையும் இடத்தையும் உறுதிசெய்ய முன்வர வேண்டும். விற்ற பொருட்களின் எண்ணிக்கையைக் கேட்காமல், எத்தனை பெண்கள் தாம் தொடங்கியதைத் தம் கையாலேயே முடித்து வீட்டுக்கு எடுத்துச் சென்றனர் என்பதைக் கொண்டே அம்முயற்சியை அளவிட வேண்டும்.