வதிவிட அட்டையும் ஊர்ப் பயணமும்

வெளிநாட்டில் வாழும் ஒருவர் பயணம் போக இரண்டு ஆவணங்கள் வேண்டும். கடவுச்சீட்டு, அவர் எந்த நாட்டவர் என்பதைப் போகிற நாட்டுக்குக் காட்டும். வதிவிட அட்டை, திரும்பிவந்து இறங்கும்போது அவர் வாழும் நாட்டின் கதவைத் திறக்கும். அட்டையை மட்டும் காட்டி உலகம் சுற்ற முடியாது. பாரிஸில் இருப்பவர், தன் இலங்கைக் கடவுச்சீட்டோடு பிரெஞ்சு அட்டையையும் வைத்திருந்தால், சூரிச்சில் நடக்கும் கல்யாணத்துக்கு விசா இல்லாமலே ரயில் ஏறலாம். ஷெங்கன் நாடுகளுக்குள் 180 நாளில் 90 நாள்வரை அப்படிப் போய்வர இடமுண்டு. அதே கல்யாணம் லண்டனில் என்றால் அந்த அட்டை உதவாது. பிரித்தானிய விசா எடுக்கத்தான் வேண்டும்.

நிரந்தர வதிவிடம் என்றாலும் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. கனடாவில் ஐந்து ஆண்டுக் காலத்தில் 730 நாளாவது நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். பிரித்தானியாவில் தொடர்ந்து இரண்டு ஆண்டுக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாக உரிமை போய்விடும். பிரான்சின் பத்து வருட அட்டைக்கு மூன்று ஆண்டு. ஜேர்மனியிலும் சுவிஸிலும் பொதுவாக ஆறு மாதம்தான். சுவிஸில் முன்கூட்டியே விண்ணப்பித்தால் நான்கு ஆண்டுவரை நீட்டிக்கலாம். ஊரில் காணிப் பிரச்சினை, நோய்ப்பட்ட தாய் என்று வந்து மாதக்கணக்கில் தங்குபவர்கள் கணக்குப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அட்டை காலாவதியாவதும் உரிமை போவதும் ஒன்றல்ல. கனடிய அட்டை பெரும்பாலும் ஐந்து ஆண்டுக்கு வழங்கப்படுகிறது. திகதி முடிந்தாலும் நிரந்தர வதிவிடம் அப்படியே இருக்கும். ஆனால் கட்டுநாயக்கவில் நிற்கும் விமானசேவை ஊழியருக்குச் செல்லுபடியாகும் ஆவணம் தேவை. ஆகவே திகதி கடந்தவர் கனடியத் தூதரகப் பிரிவு ஒன்றில் பயண ஆவணம் எடுத்த பிறகுதான் ஏற முடியும். பிரித்தானியா அட்டையையே கைவிட்டுவிட்டது. அங்கு பெரும்பாலான அட்டைகள் 2024 டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிந்தன. இப்போது இணையக் கணக்கில் இருக்கும் மின்-விசாதான் சான்று. அந்தக் கணக்கு கடவுச்சீட்டு இலக்கத்தோடு இணைக்கப்பட்டது. புதுக் கடவுச்சீட்டு எடுத்தவர் கணக்கிலும் இலக்கத்தை மாற்ற மறந்தால் விமான நிலையத்தில் இழுபறிதான்.

அகதியாக ஏற்கப்பட்டவரின் நிலை வேறு. தன் நாட்டிடம் கடவுச்சீட்டுக் கேட்க முடியாதவருக்கு ஒரு தாள் வேண்டும் என்ற எண்ணம் முதலில் நடைமுறைக்கு வந்தது 1922இல், நோர்வேக்காரரான நான்சனின் பெயரால் வழங்கிய கடவுச்சீட்டில். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 28ஆம் உறுப்புரை அத்தகைய பயண ஆவணம் கொடுப்பதை அரசுகளின் கடமையாக்கியது. ஜேர்மனி கொடுக்கும் புத்தகம் நீல நிறம். மேலே இடது மூலையில் இரண்டு கரிய கோடுகள் சாய்வாக ஓடும். அது எல்லா நாடுகளுக்கும் செல்லும், அகதியின் சொந்த நாட்டைத் தவிர.

முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையை விட்டு யுத்த காலத்தில் போனவர்களுக்கு அந்த ஒரு விலக்குத்தான் பெரிய விஷயம். வைகாசியில் முல்லைத்தீவுக் கடலில் இருந்து தீர்த்தம் எடுத்து, காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரித்து, பின் வற்றாப்பளை அம்மன் கோயிலில் பொங்கல் நடக்கும். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்கள் அதற்குக் குடும்பமாக வந்து இறங்குவார்கள். அகதிப் பயண ஆவணம் வைத்திருப்பவர் வர முடியாது. தாய் தகப்பனைப் பார்க்க வேண்டுமானால் அவர்களைத் தமிழ்நாட்டுக்கு அழைத்து அங்கே சந்திப்பதுதான் பல குடும்பங்கள் கண்ட வழி.

இலங்கைத் தூதரகத்தில் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்வருவது சுலபமாகத் தோன்றும், ஆபத்து அங்கேதான். சொந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாக மீண்டும் நாடியவர் அகதி அல்ல என்று அதே உடன்படிக்கை சொல்கிறது. கனடாவில் 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, இந்தக் காரணத்தால் அகதி நிலையை இழப்பவர் நிரந்தர வதிவிடத்தையும் சேர்த்து இழப்பார். பல ஆண்டு வரி கட்டியதும் வீடு வாங்கியதும் இதில் கைகொடுக்காது. சுவிஸில் 2020 ஏப்ரல் முதல், ஏற்கப்பட்ட அகதிகள் தாய்நாடு செல்வதற்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது. செத்தவீட்டுக்கு அவசரமாக ரிக்கற் எடுக்கும் முன் சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

குடியுரிமை கிடைத்தால் இந்தச் சிக்கல்களில் பெரும்பகுதி தீரும். ஆனால் வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெறுபவர் பொதுவாக இலங்கைக் குடியுரிமையை இழக்கிறார். பிறந்த ஊருக்கே சுற்றுலா விசாவில், முதலில் 30 நாளுக்கு, வர வேண்டியிருக்கும். இடையில் நிறுத்தப்பட்டு 2015இல் மீண்டும் தொடங்கிய இரட்டைக் குடியுரிமையை எடுத்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

யுத்தத்துக்குத் தப்பி இராமேஸ்வரத்தில் கரையிறங்கிய வன்னிக் குடும்பங்களுக்கு இவை எதுவும் பொருந்தாது. இந்தியா 1951 உடன்படிக்கையில் சேரவில்லை. அங்கே பயண ஆவணம் கிடையாது. அகதி முகாமில் பதிவும் அடையாள அட்டையும் உண்டு, அவை இந்தியாவுக்குள் மட்டும். இலங்கை திரும்ப விரும்புபவர் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பயணத் தாள் பெற வேண்டும். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்று காட்டி இலங்கைக் குடியுரிமைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு மேல் இந்திய அதிகாரிகளின் வெளியேறும் அனுமதியும் வேண்டும். விசா இல்லாமல் வள்ளத்தில் வந்தவருக்கு விமானத்தில் திரும்ப இத்தனை தாள். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு திரும்பியவர்களும் இந்தப் படிகளைத் தாண்டித்தான் வந்தார்கள்.