ஊர் சிரிக்குமே!

காய்ச்சல் கண்டவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறோம். வைத்தியரை அழைத்து வருகிறோம். சித்தம் கலங்கியவனைக் கண்டாலோ, 'பைத்தியம்' என்று சொல்லிச் சிரிக்கிறோம். வெறும் சிரிப்புத்தானே, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கலாம்.

2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியுமுன், இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் மனநோயாளர்களை வைத்திருந்த கீற்றுக் கொட்டகை ஒன்று தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர்.

இப்படிப்பட்ட இடங்களில் உற்றாரைக் கொண்டுபோய் விடுகிறவர்கள் கல் நெஞ்சர்கள் அல்லர். நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களே. பிரார்த்தனையில் நம்பிக்கை வைத்துச் செல்பவர் உண்டு. ஊர் சிரிக்குமே, பெண்ணுக்கு வரன் கிடைக்காதே என்று அஞ்சி மறைப்பவரும் உண்டு. அந்த அச்சத்தை உண்டாக்குவது நம் சிரிப்பேயன்றி வேறல்ல.

மனநோயாளர் எவரையும் சங்கிலியிடலாகாது என்று 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் விதித்திருக்கிறது. ஆனால் ஏளனத்தைத் தடுக்கச் சட்டத்தால் ஆகாது. அது நம் பொறுப்பு. அடுத்த வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கினால், பெயர் சொல்லி அழைத்து க்ஷேமம் விசாரிப்போமாக. மறைக்காமல் வைத்தியரிடம் செல்ல அக்குடும்பத்துக்குத் தைரியம் பிறக்கும்.