வாசலில் ஒரு மண்சட்டித் தண்ணீர்

அக்கினி நட்சத்திரம் பிறந்துவிட்டால் சிவாலயங்களில் லிங்கத் திருமேனியின் மேல் தாராபாத்திரம் கட்டப்படுகிறது. கிருத்திகை நட்சத்திரத்துக்கு அதிதேவதை அக்கினி. சூரியன் அதையொட்டிச் சஞ்சரிக்கும் நாட்களில், சித்திரை பிற்பகுதி முதல் வைகாசி நடுப்பகுதி வரை, ஈசனுக்கும் வெம்மை தணிய வேண்டும் என்பது அடியார்களின் பரிவு. கருவறையில் சொட்டுச் சொட்டாக நீர் விழும் அதே வேளையில், மதிலுக்கு வெளியே நிறுத்தியிருக்கும் காரின் அடியில் ஒரு பூனை நா வறண்டு படுத்திருக்கும்.

காகத்துக்குச் சோறும் பசுவுக்கு அகத்திக்கீரையும் தவறாமல் அளிக்கும் கைகள், பூனை என்றதும் சற்றே தயங்குகின்றன. அது குறுக்கே போனால் காரியத் தடை என்ற பேச்சு நம்மிடையே மிகப் பழையது. ஆயினும் குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்குப் பூனையே வாகனம். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுச் சிற்பத்திலும், எலிகள் சூழக் கைகளை உயர்த்தித் தவம் செய்யும் பூனை ஒன்று உண்டு. சிற்பி அதைப் பொய்த்தவமாகவே செதுக்கினான். சித்திரை வெயிலில் தெருப்பூனை இருக்கும் தவத்தில் பொய் ஏதும் இல்லை.

பூனையின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். மனிதனைப்போல் அதற்கு மேனியெங்கும் வியர்ப்பதில்லை. பாதங்களின் அடியில் மட்டும் சிறிது வியர்க்கும். உரோமத்தை நக்கி, அந்த ஈரம் உலர்வதாலேயே பெரிதும் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. நக்குவதற்கு எச்சில் வேண்டும். எச்சிலுக்கு நீர் வேண்டும்.

இங்கேதான் பக்தியுள்ள இல்லங்களில் ஒரு தவறு நேர்கிறது. பூனைக்குப் பால் வார்ப்பது புண்ணியம் என்று கிண்ணம் நிறைய ஊற்றுகிறார்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் இல்லை. வயிற்றுப்போக்கு ஏற்பட்டு, உடலில் எஞ்சியிருக்கும் நீரும் வெளியேறிவிடும். கோடையில் அது உயிருக்கே உலை. பால் அபிஷேகத்துக்கு இருக்கட்டும்; பூனைக்குத் தண்ணீர் போதும்.

திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்ததைப் பெரியபுராணம் போற்றுகிறது. பூனைக்கு வேண்டிய பந்தல் மிகச் சிறியது. அகன்ற வாயுள்ள, ஆழமில்லாத மண்சட்டி ஒன்று போதும். எவர்சில்வர் பாத்திரம் வெயிலில் கொதித்துவிடும். நாள் முழுதும் நிழல் தங்கும் இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். காலையில் நிழலாக இருந்த இடம் உச்சிப்பொழுதில் சுட்டெரிக்கலாம். குனிய இயலாத பெரியவர்கள் திண்ணை விளிம்பில் வைக்கலாம். பூனை ஏறிக்கொள்ளும், நாய்த் தொல்லையும் குறையும். காலையும் மாலையும் சட்டியைக் கழுவி நீரை மாற்றினால் கொசு முட்டையிட இடமிராது. மாடிப்படியின் கீழ் நனைத்துப் பிழிந்த சாக்கு ஒன்றை விரித்துவைப்பதும் நல்லது.

உணவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. மரக்கறி இல்லத்தார் மீன் வாங்கி வைக்க வேண்டும் என்று எவரும் கேட்கப்போவதில்லை. வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்புச் சோறு மட்டும் பூனைக்கு ஆகாது. எது வைத்தாலும் வெயில் தாழ்ந்த பின் வைத்து, மிச்சத்தை உடனே எடுத்துவிட்டால் எறும்பும் வராது, அண்டை வீட்டாரின் முணுமுணுப்பும் எழாது.

பூனை வாயைத் திறந்து நாய்போல் இளைத்தால், எச்சில் ஒழுகத் தள்ளாடினால், அது வெப்பத்தாக்கு. தடித்த துண்டால் பிடித்து நிழலுக்குக் கொண்டுவந்து, சாதாரணத் தண்ணீரால் பாதங்களையும் காதுகளையும் வயிற்றையும் நனைத்து விசிற வேண்டும். பனிக்கட்டி நீர் கூடாது. வாயில் பலவந்தமாக ஊற்றவும் கூடாது. தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். காய்ச்சல் என்று கருதி வீட்டிலுள்ள பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுப்போர் உண்டு. பூனைக்கு அது நஞ்சு, உயிரைப் பறித்துவிடும்.

குட்டிகள் தனித்திருக்கக் கண்டால் உடனே எடுத்துவிடலாகாது. தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விச் செல்வதைச் சரணாகதிக்கு உவமையாக்கி, மார்ஜார நியாயம் என்பர் தென்கலை வைணவப் பெரியோர். குட்டியின் பங்கில் முயற்சி ஏதும் இல்லை. வெயில் ஏறும்போது தாய் அவ்வாறே ஒவ்வொன்றாகக் குளிர்ந்த மூலைக்கு மாற்றும். பாதி மாற்றிய நிலையில் நாம் குறுக்கிட்டால், திரும்பி வரும் தாய் வெற்றிடத்தையே காணும். குட்டிகள் வெயிலில் கிடந்தால் மட்டும் ஒரு அட்டைப்பெட்டியைச் சாய்த்து நிழல் அமைத்து, விலகி நின்று சில மணி நேரம் கவனிக்கலாம்.

வாகனம் வைத்திருப்போர், கோயிலுக்குப் புறப்படும் முன் காரின் முன்மூடியை இரண்டு முறை தட்டி, குனிந்து சக்கரத்தின் அருகே ஒருமுறை பார்ப்பது நல்லது. இளங்காலையிலும் பூனை அங்கே உறங்கிக்கொண்டிருக்கும்.