பச்சைக் குளமும் மயில்துத்தமும்

சிங்கப்பெருமாள் கோயிலில் மின்சார ரயிலேறிச் செங்கல்பட்டுக்குப் போகும்போது, பரனூரைத் தாண்டியதும் ஜன்னல் வழியே கொளவாய் ஏரி தெரியும். செங்கல்பட்டு நகரின் கழிவுநீர் நெடுங்காலம் கலந்துவந்த ஏரி அது. அத்தகைய ஏரியையோ உங்கள் ஊர்க் குளத்தையோ சித்திரை, வைகாசியில் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? தை மாதத்தில் தெளிவாக இருந்த நீர் மெல்ல மெல்லப் பச்சையாகும். படித்துறையின் ஓரத்தில் சாயத்தைக் கொட்டியதுபோல் ஏடு படியும். நாற்றமும் வீசும்.

"இதற்கு மருந்து இல்லையா?" என்று ஊரார் கேட்பார்கள். "கொஞ்சம் மயில்துத்தம் போட்டால் தெளிந்துவிடும்" என்று யாராவது ஒருவர் பதில் சொல்வார். அவர் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையா? பெருக்கல் தெரிந்தால் போதும்; விடையை நாமே கண்டுபிடிக்கலாம்.

பச்சை நிறம் எங்கிருந்து வருகிறது?

குளத்து நீரில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான பாசிகள் வாழ்கின்றன. அவற்றிலுள்ள பச்சையம் சூரிய ஒளியின் நீலப் பகுதியையும் சிவப்புப் பகுதியையும் உட்கொள்கிறது. பச்சைப் பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அதுவே நம் கண்ணை வந்தடைகிறது.

இவற்றுள் நீலப்பச்சைப் பாசி என்ற கூட்டம் சற்றுத் தந்திரமானது. உண்மையில் அது பாக்டீரியாக்களின் இனத்தைச் சேர்ந்தது. அதன் பல வகைகளில் உயிரணுவுக்குள் காற்று நிரம்பிய நுண்ணறைகள் உள்ளன. எனவே ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி மேலே மிதந்து, வெயிலை முதலில் பெற்றுக்கொள்கிறது. 1895-ஆம் ஆண்டு கிளெபான் என்ற ஜெர்மானியத் தாவரவியலார் இதனை எளிமையாகக் காட்டினார். மிதக்கும் பாசியுள்ள நீரைப் புட்டி நிறைய ஊற்றி, தக்கையால் மூடி, தக்கையின்மேல் சுத்தியலால் ஓங்கி அடித்தார். திடீர் அழுத்தத்தால் நுண்ணறைகள் நொறுங்கின. மிதந்த பாசி அடியில் மூழ்கியது.

மயில்துத்தம் செய்யும் வேலை

மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட். மயில் கழுத்தின் நீலம் கொண்ட இப்படிகத்தின் எடையில் நாலில் ஒரு பங்கு செம்பு. மூர், கெல்லர்மன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1904-ஆம் ஆண்டு, குடிநீர்த் தேக்கங்களில் பாசியை ஒழிக்க மிகச் சிறிதளவு மயில்துத்தமே போதும் என்று எழுதினார்கள். அன்று முதல் பல நாடுகளில் இம்முறை பரவியது. செம்பு அயனிகள் பாசியின் உயிரணுவுக்குள் புகுந்து ஒளிச்சேர்க்கையைத் தடுக்கின்றன. உணவு தயாரிக்க முடியாத பாசி மடிகிறது.

எவ்வளவு தேவை? உதாரணமாக 60 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 6,000 கன மீட்டர். ஒரு கன மீட்டர் நீரின் எடை பத்து லட்சம் கிராம். பத்து லட்சத்தில் அரைப் பங்கு மயில்துத்தம் வேண்டுமென்றால் கன மீட்டருக்கு அரை கிராம்; ஆக மொத்தம் 3 கிலோ. இவ்வளவு பெரிய குளத்துக்கு மூன்றே கிலோ என்றால் மலிவுதானே!

ஆனால் அளவு நீரைப் பொறுத்தது. காரத்தன்மை மிகுந்த கடின நீரில் செம்பு கார்பனேட்டாக மாறி வீழ்படிவாகிவிடும், மருந்து வீண். மென்னீரிலோ அதே அளவு மீனையும் நத்தையையும் கொல்லக்கூடும். பாசியைத் தின்று வாழும் நுண்ணிய நீர்ப்பூச்சிகள் செம்பை இன்னும் தாங்கா. அவை மடிந்தால் பாசிக்குப் பகையே இராது.

செத்த பாசியின் கணக்கு

நம் உதாரணக் குளத்தில் பாசிக்கு உணவாக 600 கிராம் பாஸ்பரஸ் கரைந்திருப்பதாகக் கொள்வோம். ஒரு கிராம் பாஸ்பரஸ் இருந்தால் ஏறக்குறைய 100 கிராம் பாசி (உலர்ந்த எடையில்) வளர முடியும். எனவே 60 கிலோ பாசி. மயில்துத்தம் போட்டதும் இது முழுவதும் மடிந்து அழுகத் தொடங்குகிறது. ஒரு கிராம் பாசி முழுவதும் சிதைய ஏறத்தாழ ஒன்றேகால் கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஆக மொத்தம் 75 கிலோ.

குளத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது? 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் நீர் காற்றிலிருந்து சுமார் 7.5 கிராம்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். 6,000 கன மீட்டருக்கு 45 கிலோ. தேவை 75, இருப்பு 45!

காற்றிலிருந்து மேலும் கொஞ்சம் கரையும் என்பதும், எல்லாப் பாசியும் ஒரே நாளில் அழுகாது என்பதும் உண்மையே. ஆனால் பாதி அழுகினாலும் 37 கிலோ போய்விடுகிறது. விடியற்காலையில் கெண்டை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காண்பீர்கள். வெளிக்காற்றைச் சுவாசிக்க வல்ல விரால் தப்பிக்கும்; கெண்டை தப்பாது. மருந்து போட்ட சில நாளில் மீன்கள் செத்து மிதந்தால், செம்பின் நஞ்சு மட்டுமே காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். மூச்சுத் திணறியும் அவை இறந்திருக்கலாம்.

நீருக்குள் அவிழ்ந்த நஞ்சு

மீனோடு நிற்காத ஒரு நிகழ்ச்சியும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கரைக்கு அப்பால் பாம் தீவு என்று ஒரு தீவு இருக்கிறது. 1979-ஆம் ஆண்டு அங்குள்ள சாலமன் அணை நீரில் பாசி பெருகி, குடிநீர் நாறியது. அதிகாரிகள் மயில்துத்தம் இட்டார்கள். சில நாட்களுக்குள் 148 பேர் ஈரல் வீக்கமும் வாந்தியும் கண்டு படுத்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் குழந்தைகள். ஒருவகை நீலப்பச்சைப் பாசியின் நஞ்சே காரணம் என்று பின்னர் ஆராய்ந்து கண்டார்கள். பாசி உயிரோடு இருந்தவரை பெரும்பகுதி நஞ்சு அதன் உயிரணுவுக்குள்ளேயே அடைபட்டிருந்தது. செம்பு உயிரணுவைச் சிதைத்ததும் அது குடிநீரில் கலந்துவிட்டது.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் ஃபேர்மாண்ட் ஏரிகளில் 58 ஆண்டுகள் மயில்துத்தம் போட்டு வந்தார்கள். அதன் விளைவுகளைத் தொகுத்து 1984-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மருந்திட்ட 7 முதல் 21 நாட்களுக்குள் பாசி மீண்டும் முளைத்தது. நாளடைவில் பச்சைப் பாசி குறைந்து நீலப்பச்சைப் பாசி மேலோங்கியது. அதிக அளவு செம்பையும் தாங்கும் வகைகள் நிலைத்தன. ஏரியின் அடிவண்டலில் செம்பு சேர்ந்தது.

பாசிக்குச் சோறு போடுவது யார்?

பாசி ஏன் மீண்டும் முளைத்தது? செத்த பாசியின் உடலிலிருந்த பாஸ்பரஸ் எங்கும் போய்விடவில்லை. அழுகும்போது அது நீருக்கே திரும்பியது. செம்பு பாசியைக் கொன்றது. பாசியின் உணவைத் தொடவே இல்லை.

கனடா நாட்டில் 1973-இல் ஷிண்ட்லர் என்ற அறிஞர் ஓர் அழகிய சோதனை செய்தார். 226 என்று எண்ணிடப்பட்ட ஏரியின் இடுப்பில் கெட்டியான திரை ஒன்றைக் கட்டி, ஏரியை இரண்டாகப் பிரித்தார். இரு பாதிகளிலும் கரியும் நைட்ரஜனும் கிடைக்கும்படி செய்தார். ஒரு பாதியில் மட்டும் கூடவே பாஸ்பரஸையும் சேர்த்தார். அந்தப் பாதி மட்டும் பச்சையாயிற்று! விமானத்திலிருந்து எடுத்த படத்தில் திரையின் ஒருபுறம் கருநீலம், மறுபுறம் பச்சை.

நம் உதாரணக் குளத்தின் 600 கிராம் பாஸ்பரஸ் எங்கிருந்து வந்திருக்கும்? ஒரு மனிதரின் ஓராண்டுக் கழிவில் ஏறக்குறைய அரை கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது. ஒரே ஒரு வீட்டின் சாக்கடை குளத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிடலாம். மீனுக்கென்று மூட்டை மூட்டையாகக் கொட்டும் பொரியும் இந்தக் கணக்கில் சேரும்.

இவ்வுணவு வயலுக்குப் போனால் அதற்கு உரம் என்று பெயர். நம் மாவட்டத்து வேடந்தாங்கல் உழவர்கள் இதனை நன்கு அறிந்தவர்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் நெல்லுக்கு நல்லது என்பதால், பறவைகளைச் சுடக்கூடாது என்று ஆங்கிலேயக் கலெக்டரிடம் உத்தரவு வாங்கி வைத்திருந்தார்கள். அது தொலைந்துபோகவே 1858-இல் புதிதாக ஒன்று பெற்றார்கள்.

படிகாரம் உதவுமா?

உணவையே பிடித்துக் கட்டும் ரசாயனமும் உண்டு. முடிதிருத்தகத்தில் காணும் படிகாரத்தின் நெருங்கிய உறவான அலுமினியம் சல்பேட்டை நீரில் இட்டால், பஞ்சு போன்ற அலுமினியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. அது பாஸ்பேட்டைப் பற்றிக்கொண்டு அடியில் அமர்கிறது. 1968-இல் ஸ்வீடனின் லாங்ஷோன் ஏரியில் இதனைச் செய்தார்கள். ஆனால் அளவு மிஞ்சினால் நீர் அமிலமாகி, கரைந்த அலுமினியம் மீனைக் கொல்லும். மேலும், சாக்கடை நாள்தோறும் வந்துகொண்டே இருந்தால் இன்று கட்டிய பாஸ்பரஸுக்குப் பதில் நாளை புதிதாக வந்து சேரும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் கழிவுநீரைக் குளத்துக்குள் வரவிடாமல் திருப்ப வேண்டும். இரண்டாவதாக, கோடையில் தூர்வாரி வண்டலை வயலில் சேர்க்கும் பழைய வழக்கத்தைக் கைவிடக் கூடாது. வண்டலோடு பாஸ்பரஸும் வெளியேறுகிறது. ஆண்டுக்கணக்கில் செம்பு கொட்டிய குளத்து வண்டலை வயலுக்கு எடுத்துச்செல்ல அஞ்ச வேண்டியிருக்கும் என்பதை மறவாதீர்கள். ரசாயனம் இவற்றுக்குப் பின்னர், நீரைச் சோதித்துப் பார்த்து அறிந்தவர்கள் மட்டுமே கையாள வேண்டியது. நீங்களாக ஒரு பிடி மயில்துத்தத்தையும் குளத்தில் எறிய வேண்டாம்.

செய்து பாருங்கள்

1865-இல் ரோமாபுரியின் வானியலார் செக்கி என்ற பாதிரியார், கப்பலிலிருந்து வெள்ளை வட்டுகளைக் கடலில் இறக்கி நீரின் தெளிவை அளந்தார். நீங்களும் செய்யலாம். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தகர வட்டு ஒன்றை நான்காகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையுமாக மாற்றி மாற்றி வர்ணம் பூசுங்கள். அடியில் ஒரு கல்லைக் கட்டி, சென்டிமீட்டர் குறியிட்ட கயிற்றில் தொங்கவிடுங்கள். பெரியவர் ஒருவர் துணையுடன், படித்துறையிலிருந்து மெல்ல இறக்குங்கள். வட்டு மறையும் ஆழத்தைக் குறியுங்கள்.

இன்னொரு சோதனை: கண்ணாடிச் சீசா ஒன்றில் குளத்து நீரை முக்கால் அளவு எடுத்து, இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். காலையில் பச்சை மேலே வளையமாகத் திரண்டிருந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அந்நீரில் குளிப்பதையும் மாடு கன்று குடிப்பதையும் தவிர்ப்பது நலம். சோதனை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் அளந்து, ஆவணி முதல் ஆனி வரை ஒரு வரைபடம் வரையுங்கள். மழைக்குப் பின் என்ன ஆகிறது? திருவிழாவுக்குப் பின் என்ன ஆகிறது? எந்தச் சாக்கடை வாயருகே வட்டு விரைவில் மறைகிறது? அந்த வரைபடத்தை ஊராட்சித் தலைவரிடம் காட்டுங்கள். மயில்துத்தம் வாங்க ஒதுக்கும் பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்பதை அது அவருக்குச் சொல்லும்.