பயணப் பையில் முதல் பொட்டலம்

பேரப்பிள்ளைகளோடு ராமேஸ்வரமோ கொடைக்கானலோ கிளம்பினால், துணிமணிக்கு முன்பே நான் எடுத்து வைப்பது ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-குளுக்கோஸ் பொடிப் பொட்டலங்களைத்தான். செவிலியராக வேலை பார்த்த காலத்தில், கோடை விடுமுறைப் பயணம் போய், வயிற்றுப்போக்கால் கண்கள் குழிவிழுந்து திரும்பிய குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வயிற்றுப்போக்கில் நீரோடு உப்பும் வெளியேறிவிடுகிறது. வெறும் தண்ணீர் அதை ஈடுகட்டாது. குளுக்கோஸ் சேர்ந்தால் சிறுகுடல் உப்பை வேகமாக உறிஞ்சும். பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போகும். 1971-இல் வங்கதேச அகதிகளிடையே காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் போதாமல் போனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்த உப்பு-குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்துத்தான் ஏராளமான உயிர்களைக் காத்தார். எவ்வளவு எளிய மருந்து!

உறையில் உலக சுகாதார நிறுவன அளவு என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். இனிப்புப் பானங்கள் வேண்டாம். சர்க்கரை கூடினால் போக்கும் கூடும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பாதியாகக் கலக்காதீர்கள். தண்ணீர் காய்ச்சி ஆறியதாக இருக்கட்டும், மிச்சத்தை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். பொட்டலம் கிடைக்காத ஊரில் ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். மலத்தில் ரத்தம், சிறுநீர் வராமை, சோர்ந்து கண் சொருகுதல் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.