உப்பு கைகொடுக்கும், அம்மோனியா விடாது

காவிரியின் கடைமடை கடலைத் தொடும் காரைக்கால் கரையில், திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய மீனவர் ஊர் பட்டினச்சேரி. மாசி மகத் தீர்த்தவாரிக்கு வரும் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாளை 'மாப்பிள்ளே' என்று கூப்பிட்டு வரவேற்கிற கரை. ஆற்றுநீருக்குக் கடைசி வரிசை, போர் போட்டால் உப்பு கரிக்கும் என்ற பயம். இப்படிப்பட்ட இடத்தில் சுத்திகரித்த கழிவுநீரைத் தென்னைக்கும் சவுக்குக்கும் கழிப்பறைக்கும் திருப்பிவிடலாம் என்பது நியாயமான யோசனைதான். ஆனால் "கிருமி போயிருக்குமா?" என்ற கேள்விதான் முதலில் வரும். 2022 ஜூலையில் காலரா பரவி, காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்துப் பள்ளிகளையே மூடினார்கள். அதைப் பார்த்த ஊர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடாது.

இதற்கு மின்வேதி முறை தரும் பதில் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. இதே திருமலைராயன்பட்டினம் கொம்யூன் பஞ்சாயத்தில், மேலவாஞ்சூர் கெம்ப்ளாஸ்ட் சன்மார் ஆலை உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சித்தான் குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுக்கிறது. அங்கே இரண்டும் சேர்ந்துவிடாமல் நடுவில் ஒரு சவ்வு தடுக்கும். அந்தச் சவ்வு இல்லாவிட்டால் இரண்டும் கலந்து 'ஹைப்போ' (சோடியம் ஹைப்போகுளோரைட்) ஆகிவிடும்; கிருமிநீக்கத்துக்கு வேண்டியது அதுதான். ருத்தீனியம் ஆக்சைடு பூசிய டைட்டானியத் தகடு, சோற்றுப்பு, மின்சாரம் இருந்தால் போதும். அவ்வகை டைட்டானிய நேர்மின்வாய்களைக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் (சிக்ரி) நம் நாட்டிலேயே உருவாக்கிக் கொடுத்திருக்கிறது. இந்த முறையில் கிடைப்பது சுமார் 0.8 சதவீத ஹைப்போ. நீர்த்த கரைசல் என்பதே அதன் நன்மை. 900 கிலோ குளோரின் வாயு அடைத்த உருளை ஊருக்குள் வர வேண்டியதில்லை. கடையில் வாங்கும் அடர் ஹைப்போ நம் வெயிலில் நாளுக்கு நாள் வீரியம் இழக்கும்; இதை அன்றன்றைக்குத் தயாரித்துக்கொள்ளலாம்.

ஆனாலும் தகடு வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. ஒரு கிலோ குளோரினுக்கு ஏறத்தாழ 3 கிலோ உப்பும் 5 யூனிட் மின்சாரமும் ஆகும். நன்றாகச் சுத்திகரித்த நீருக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் குளோரின் போதும் என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சம் லிட்டருக்கு 5 கிலோ குளோரின், 15 கிலோ உப்பு, 25 யூனிட். அதே நீரில் லிட்டருக்கு 25 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் எஞ்சியிருந்தால் கணக்கே மாறிவிடும். அதன் ஒவ்வொரு மில்லிகிராமும் 7.6 மில்லிகிராம் குளோரினை விழுங்கிய பிறகுதான் கிருமிக்கு மிச்சம். அப்போது 190 கிலோ குளோரின், 950 யூனிட், 600 கிலோவை நெருங்கும் உப்பு. உப்புக்குப் பயந்து தொடங்கிய திட்டம் தானே தண்ணீரை உப்பாக்கி வயலுக்கு அனுப்பும்.

அம்மோனியாவோடு சேர்ந்து உண்டாகும் குளோரமினும் கிருமியைக் கொல்லுமே என்று கேட்கலாம். கொல்லும், ஆனால் மெதுவாக; வைரஸ்கள் அதற்குச் சுலபத்தில் மசிவதில்லை. கடல்நீரையே மின்பகுத்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. கால்சியமும் மெக்னீசியமும் எதிர்மின்வாயில் வெள்ளையாகப் பொருக்கு கட்டும், அமிலம் விட்டுக் கழுவ வேண்டிவரும். அதோடு, லிட்டருக்கு 65 மில்லிகிராம் அளவில் கடல்நீரில் உள்ள புரோமைடு, புரோமோஃபார்ம் போன்ற வேண்டாத பொருள்களுக்கு வழிவிடும். புறஊதா விளக்கில் இந்தத் தொல்லை இல்லைதான். ஆனால் விளக்கைத் தாண்டிய தண்ணீருக்குக் குழாயில் காவல் கிடையாது. ஹைப்போவின் எச்சம் கடைசிக் குழாய்வரை கூடப் போகும். குடற்புழு முட்டை மட்டும் இந்த அளவு குளோரினுக்கு அசையாது, அதை மணல் வடிகட்டியில்தான் பிடிக்க வேண்டும். மின்கலத்திலிருந்து ஹைட்ரஜன் வேறு வெளியாகும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். கூரை அடைத்த அறை ஆகாது.

ஆக, இந்தக் கரைக்கு மின்வேதி முறை பொருந்தும். ஆனால் அது கடைசிப் படி. அதற்கு முன்னே காற்றேற்றும் தொட்டியில் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றி முடித்திருக்க வேண்டும். இங்கே யார் திட்டம் போட்டாலும், முதலில் ஒரு வருஷம் அம்மோனியாவை அளந்து பார்த்துவிட்டு, அப்புறம் தகட்டுக்கு டெண்டர் விடட்டும்.