உஷார்! மீட்டர் நம்பரைப் பார்த்து ஆற்றுத் தண்ணீரை நம்பாதீர்கள்

அலோர் காஜா, ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் கவனிக்கவும். பேனா மாதிரி ஒரு மீட்டரை ஆற்றுத் தண்ணீரிலோ கிணற்றுத் தண்ணீரிலோ விட்டு, "நம்பர் கம்மி, தண்ணி சுத்தம்" என்று யாராவது சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். அந்த டி.டி.எஸ். மீட்டர், தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவை வைத்துக் கரைந்த உப்பைக் கணக்கிடும், அவ்வளவுதான். அதைக் கொண்டு களைக்கொல்லியைத் தேடுவது தராசில் காய்ச்சல் பார்ப்பது மாதிரி. குடிநீரில் ஒரு பூச்சிக்கொல்லிக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம். மீட்டர் காட்டும் '1' (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) என்ற எண்ணில் அது பத்தாயிரத்தில் ஒரு பங்கு!

வடிகட்டி விற்க வருபவர்கள் கம்பிகளைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சிப் பழுப்பாக்கிக் காட்டுவார்களே, அந்தத் துரு கம்பியிலிருந்தே வருவது.

மலேசியச் சுற்றுச்சூழல் இலாகாவின் ஆற்றுநீர்த் தரக் குறியீட்டிலும் ஒரு விஷயம் உண்டு. கரைந்த ஆக்சிஜன், பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை), சி.ஓ.டி. (வேதி ஆக்சிஜன் தேவை), அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், பி.எச். ஆகிய ஆறும்தான் அதன் கணக்கு. ரப்பர் ஆலை, செம்பனை ஆலைக் கழிவைப் பிடிக்க அது நல்ல கருவி. ஈயமும் களைக்கொல்லியும் அந்தக் கணக்கில் வருவதில்லை; தனியாகச் சோதிக்க வேண்டும்.

எப்படிச் சோதிப்பது என்பதில்தான் ஏமாறும் ஆபத்து அதிகம். நம் பெண்கள் முதுகில் சுமந்து அடித்த பாராகுவாட் களைக்கொல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2002இல் தடை அறிவித்தார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை. அது ஆவியாகாத உப்பு. ஆவியாகும் பொருளைப் பிரித்துப் பார்க்கும் ஜி.சி.-எம்.எஸ். கருவியில் நேரடியாகச் சிக்காது. திரவ முறையான எல்.சி. வேண்டும். சாதாரணக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தால் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக் பாட்டில்தான் சரி. களிமண்ணையும் விடாமல் பற்றிக்கொள்வதால், தண்ணீரை மட்டும் சோதித்துவிட்டுச் சேற்றை மறந்தால் பாதி உண்மைதான் தெரியும். கிளைபோசேட்டுக்கும் தனி முறை தேவை.

தின்னர் போன்ற கரைப்பான்கள் இதற்கு நேர்மாறு: காற்றிடமே இல்லாமல் நிரப்பிய கண்ணாடிக் குப்பி, ஜி.சி.-எம்.எஸ். கருவி. ஈயம், ஆர்சனிக் என்றால் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவி.

ஆகவே அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று இருந்தால் உடனே நிம்மதி அடையாதீர்கள். எதைத் தேடினார்கள், எந்த முறையில், எந்த அளவு வரை என்று கேளுங்கள். அந்தச் சோதனைக்கு 'சாம்' (மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் உண்டா என்றும் பாருங்கள். கொதிக்க வைத்துக் குடித்தால் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள்: கிருமி சாகும், ஈயம் போகாது.

2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் கொட்டிய ரசாயனக் கழிவால் 111 பள்ளிகளை மூட வேண்டி வந்தது. ஆற்றில் ரசாயன வாடை அடித்தாலோ மீன் செத்து மிதந்தாலோ கிட்டே போய் முகர்ந்து பார்க்காதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். விலகி நின்று சுற்றுச்சூழல் இலாகாவுக்கு உடனே போன் செய்யுங்கள்: 1-800-88-2727.